சட்டம் அளந்துகொடுத்த மேடை: அத்தோல் ஃபியூகார்டின் நாடக வாழ்வு

1982-இல் வெளிவந்த 'காந்தி' திரைப்படத்தைப் பார்த்தவர்களுக்கு, அதன் தென்னாப்பிரிக்கப் பகுதியில் ஜெனரல் ஸ்மட்ஸாக வந்துபோகும் மனிதரின் முகம் மங்கலாகவேனும் நினைவிருக்கலாம். டிரான்ஸ்வால் இந்தியர்கள் விரல்ரேகை வைத்துப் பதிவுச் சான்றிதழ் பெற வேண்டும் என்ற சட்டத்தை நடைமுறைப்படுத்திய அமைச்சர் ஸ்மட்ஸ்; அதற்குப் பணிய மறுத்துச் சிறைக்குப் போனவர்களில் தமிழர்கள் கணிசமாக இருந்தார்கள். படத்தில் ஸ்மட்ஸாக நடித்த தென்னாப்பிரிக்க நாடகாசிரியர் அத்தோல் ஃபியூகார்ட், அந்தச் சட்டத்தின் வாரிசு என்று சொல்லத்தக்க இன்னொரு சட்டத்தை மிக அருகிலிருந்து பார்த்தவர். 1958-இல் ஜோகன்னஸ்பர்க்கின் ஃபோர்ட்ஸ்பர்க் பகுதியில் இருந்த 'பூர்வகுடி ஆணையர்' நீதிமன்றத்தில் அவர் எழுத்தராகச் சில மாதங்கள் வேலை பார்த்தார். எங்கே தங்கலாம், எங்கே வேலை பார்க்கலாம் என்று காட்டும் அனுமதிப் புத்தகம் சரியாக இல்லாத கறுப்பினத்தவர்களை விசாரித்துச் சிறைக்கு அனுப்புவதே அந்த நீதிமன்றத்தின் அன்றாட அலுவல். ஒரு வழக்கு முடிய இரண்டு நிமிடம் போதுமானதாக இருந்தது என்று அவர் பிற்பாடு பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார்.

2025 மார்ச் 8-ஆம் தேதி தம் 92-ஆம் வயதில் மறைந்த ஃபியூகார்டைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அவருடைய அறச்சீற்றத்தையும் துணிவையும் முன்வைக்கிறார்கள். அவை உண்மையே. ஆனால் அவருடைய நாடகங்களை அடுத்தடுத்து வாசிக்கும்போது கண்ணில் முதலில் படுவது அவற்றின் சிக்கனம்தான். பெரும்பாலானவற்றில் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர். மேடையில் ஒரு மேசை, இரண்டு பெட்டி, ஒரு போர்வை. காட்சி மாற்றம் அரிது. இந்தச் சிக்கனத்தை அழகியல் கொள்கை என்று மட்டும் விளக்கினால் பாதி உண்மையே சொன்னதாகும். யார் யாரோடு சேர்ந்து மேடையில் நிற்கலாம், யார் எந்த ஊருக்குள் நுழையலாம், எதை எழுத்தில் வைத்துக்கொள்ளலாம் என்பதையெல்லாம் அரசாங்கம் வரையறுத்திருந்த ஒரு நாட்டில், அந்த வரையறைகளின் இண்டுஇடுக்குகளுக்குள் அடங்கும் அளவில்தான் ஒரு நாடகம் உருவாக முடிந்தது. ஃபியூகார்டின் வடிவம் பிறந்தது அந்த இடுக்குகளில்.

ஹெரால்ட் அத்தோல் லானிகன் ஃபியூகார்ட் 1932 ஜூன் 11-ஆம் தேதி, காரூ எனப்படும் வறண்ட சமவெளியில் உள்ள மிடில்பர்க் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஆங்கிலம் பேசுபவர். ஜாஸ் இசைக்குழுக்களில் பியானோ வாசித்தவர். காலை இழந்து, குடிக்கும் ஆளானவர். தாய் ஆஃப்ரிகான்ஸ் மொழி பேசும் குடும்பத்தைச் சேர்ந்தவர். குழந்தைக்கு மூன்று வயதாகும்போது குடும்பம் போர்ட் எலிசபெத் என்னும் துறைமுக நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே குடும்பத்தைத் தாங்கியவர் தாய்தான்: முதலில் ஒரு விடுதியையும், பிறகு செயின்ட் ஜார்ஜ் பூங்காவில் ஒரு தேநீர் விடுதியையும் நடத்தினார். வெள்ளையரேயானாலும் வசதியற்ற வீடு. தந்தைமீது பாசமும் வெட்கமும் கலந்த மகன். இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொள்வது பின்னால் உதவும்.

கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்துக்கொண்டிருந்தவர், இறுதித் தேர்வு எழுதாமலே 1953-இல் விலகி, ஆப்பிரிக்கக் கண்டத்தின் வடகோடியை நோக்கி வழியில் கிடைத்த வண்டிகளில் ஏறிப் பயணம் போனார். அங்கிருந்து ஒரு சரக்குக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்து கீழ்த்திசைக் கடல்களில் சுற்றினார். பல நாட்டினரும் ஒரே தளத்தில் உண்டு உறங்கிய அந்தக் கப்பல் வாழ்க்கையே, தாம் வளர்ந்த சூழலின் இனப் பாகுபாட்டைத் தம்மிடமிருந்து உதிர்த்தது என்று அவர் சொல்வதுண்டு. 1956-இல் நடிகை ஷீலா மெய்ரிங்கை மணந்தார். நாடகத்துக்குள் அவரை இழுத்துவந்தவர் ஷீலாதான்.

ஜோகன்னஸ்பர்க்குக்கு வந்த பிறகு நீதிமன்ற எழுத்தர் வேலையும் சோஃபியாடவுன் நண்பர்களும் ஒருசேர வாய்த்தன. சோஃபியாடவுன் கறுப்பின எழுத்தாளர்களும் இசைக்கலைஞர்களும் அடியாட்களும் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி. அதை இடித்துத் தரைமட்டமாக்கும் வேலையை அரசு அப்போது நடத்திக்கொண்டிருந்தது. அங்குள்ளவர்களோடு சேர்ந்து உருவாக்கிய தொடக்க நாடகங்கள் இரண்டும் இன்று வரலாற்று ஆர்வத்துக்காகவே படிக்கத்தக்கவை. ஆனால் அவற்றில் நடித்த ஜேக்ஸ் மொக்காய் என்னும் நடிகரின் நட்பு, அடுத்து வந்த நாடகத்தைச் சாத்தியமாக்கியது.

ஷார்ப்வில்லில் அனுமதிப் புத்தகச் சட்டத்தை எதிர்த்துக் கூடியவர்கள்மீது 1960 மார்ச் 21-ஆம் தேதி காவல்துறை சுட்டதில் 69 பேர் இறந்தபோது ஃபியூகார்ட் ஐரோப்பாவில் இருந்தார். அந்த ஆண்டிலேயே ஊர் திரும்பி, 'தி பிளட் நாட்' நாடகத்தை எழுதினார். 1961-இல் ஜோகன்னஸ்பர்க்கின் டோர்கே ஹவுஸ் கட்டடத்தில் இருந்த ஓர் ஒத்திகைக் கூடத்தில் அது முதலில் மேடையேறியது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவர். ஒருவன் கறுப்பு, மற்றவன் வெள்ளையன் என்று சொல்லித் தப்பிக்கும் அளவுக்கு வெளுத்த நிறம். போர்ட் எலிசபெத்தின் கோர்ஸ்டன் சேரியில் ஒரு தகரக் குடிசையில் இருவரும் வாழ்கிறார்கள். கறுப்புத் தம்பிக்குக் கடிதத்தோழியாக வாய்த்த பெண் வெள்ளைக்காரி என்று புகைப்படம் வந்த பிறகுதான் தெரிகிறது. அவள் நேரில் வருவதாக எழுதுகிறாள். நிலம் வாங்கச் சேர்த்த பணத்தில் ஒரு கனவானின் உடுப்பை வாங்கி, வெளுத்த அண்ணனை அதில் நுழைத்து அவள்முன் நிறுத்தலாம் என்று திட்டம் போடுகிறார்கள். உடுப்பு ஏறியதும் குரல் மாறுகிறது. குரல் மாறியதும் கை ஓங்குகிறது. விளையாட்டாகத் தொடங்கிய வேடம், உடன்பிறந்தவனை அடிக்கப் போகும் எஜமானனாக முடிகிறது.

1950-ஆம் ஆண்டின் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் தென்னாப்பிரிக்கர் ஒவ்வொருவரையும் ஓர் இனப் பெட்டிக்குள் அடைத்தது. ஒரே வீட்டுப் பிள்ளைகள் வெவ்வேறு பெட்டிகளில் விழுந்ததும் உண்டு. எனவே நாடகத்தின் அடிப்படை கற்பனையாகத் தோன்றினாலும் பார்வையாளருக்கு அன்னியமானதல்ல. அதிர்ச்சி வேறிடத்தில் இருந்தது. அண்ணனாக ஃபியூகார்டும் தம்பியாக மொக்காயும், அதாவது ஒரு வெள்ளையரும் ஒரு கறுப்பினத்தவரும், ஒரே மேடையில் சரிசமமாக நின்றார்கள். அதை எடுத்துக்கொண்டு நாடு முழுக்கச் சுற்றியபோது ரயிலில் ஃபியூகார்ட் முதல் வகுப்பிலும் மொக்காய் மூன்றாம் வகுப்பிலும் போக வேண்டியிருந்தது. மாலையில் மேடையில் அண்ணன் தம்பி, இரவில் தனித்தனிப் பெட்டி.

இந்த வாசலும் விரைவில் அடைக்கப்பட்டது. 1965-ஆம் ஆண்டின் அரசாணை ஒன்று கலப்பு நடிகர் குழுவையும் கலப்புப் பார்வையாளரையும் ஏறத்தாழ முற்றிலும் தடைசெய்தது. அதன் விளைவு எவ்வளவு விசித்திரமானது என்பதற்கு 1969-இல் கிரஹாம்ஸ்டவுனில் அரங்கேறிய 'போஸ்மன் அண்ட் லீனா' சான்று. குடிசை புல்டோசரால் இடிக்கப்பட்டு, தட்டுமுட்டுச் சாமான்களைத் தலையில் சுமந்துகொண்டு ஸ்வார்ட்காப்ஸ் ஆற்றின் சேற்று நிலத்துக்கு வந்து சேரும் கலப்பினத் தம்பதியர் போஸ்மனும் லீனாவும். அவர்களுடைய தீயருகே ஒரு முதிய கோசா மனிதர் வந்து ஒதுங்கி, அன்றிரவே இறந்துபோகிறார். வீடிழந்தவர்களின் இந்தக் கதையில் போஸ்மனாக நடித்தவர் ஃபியூகார்டே. லீனாவாக நடித்த இவோன் பிரைஸ்லாண்டும் வெள்ளையர். முதியவராக வந்தவரும் வெள்ளையர். கறுப்பினத்தவரின் இழப்பை, முகத்தில் நிறம் பூசிய வெள்ளையர்கள் நடித்துக் காட்டினார்கள். பிரைஸ்லாண்டின் நடிப்பு தென்னாப்பிரிக்க அரங்க வரலாற்றில் பெரிதும் மதிக்கப்படுவது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்த மேடையில் இல்லாதவர்கள் யார் என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டு அந்நாடகத்தைப் புகழ முடியாது. கறுப்பினத்தவரே தங்களுக்காகப் பேச வேண்டும் என்ற கறுப்புத் தன்னுணர்வு இயக்கத்தின் பக்கமிருந்து எழுந்த விமர்சனம் இதைத்தான் சுட்டியது: இந்த நாடகங்கள் துன்பத்தைத் தாங்குவதைப் போற்றுகின்றன, எதிர்ப்பதைக் காட்டுவதில்லை, எங்கள் கதையை எங்களுக்குப் பதிலாக வேறொருவர் சொல்கிறார்.

அதற்குள் 'தி பிளட் நாட்' பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகி, 1967-இல் ஃபியூகார்டின் கடவுச்சீட்டைப் பறிக்கக் காரணமாகியிருந்தது. நாட்டை விட்டுப் போகலாம், ஆனால் திரும்ப முடியாது என்ற ஒருவழி அனுமதியை அவர் ஏற்கவில்லை. நியூயார்க்கில் தம் நாடகம் நடந்தபோது அவர் போர்ட் எலிசபெத்தில் இருந்தார். ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்ட மனுவுக்குப் பிறகு, 1971-இல்தான் லண்டனுக்குப் போக வழி பிறந்தது.

கறுப்புத் தன்னுணர்வு இயக்கத்தினரின் அந்த விமர்சனத்துக்கான விடை, அவருக்கே அப்போது முழுமையாகத் தெரியாமல், போர்ட் எலிசபெத்தின் நியூ பிரைட்டன் குடியிருப்பில் உருவாகிக்கொண்டிருந்தது. 1963-இல் நியூ பிரைட்டனைச் சேர்ந்த சிலர் ஃபியூகார்டின் வீட்டுக் கதவைத் தட்டி, தங்களுக்கு நாடகம் செய்ய உதவ வேண்டும் என்று கேட்டார்கள். ஆசிரியர், எழுத்தர், ஆலைத் தொழிலாளி, வீட்டு வேலை செய்பவர் என்று பகலில் வேலை பார்த்துவிட்டு மாலையில் கூடும் குழு அது. அருங்காட்சியகத்தில் பாம்புகளை வைத்திருந்த ஒரு பழைய குழியில் நாடகம் போடலாம் என்ற பேச்சு எழுந்ததால் 'சர்ப்பென்ட் பிளேயர்ஸ்', அதாவது பாம்பு நடிகர்கள், என்று பெயர் வந்தது. மாக்கியவெல்லியில் தொடங்கி பிரெக்ட், பியூக்னர், சோஃபோக்ளிஸ் வரை ஐரோப்பிய நாடகங்களைத் தங்கள் தெருவின் மொழிக்குக் கொண்டுவந்தார்கள். உளவுத்துறை ஒத்திகைகளைக் கண்காணித்தது. நடிகர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கைதானார்கள். மன்னனின் தடையை மீறி உடன்பிறந்தவனைப் புதைத்த பெண்ணைப் பற்றிய சோஃபோக்ளிஸின் 'ஆன்டிகனி' ஒத்திகையின்போது கைதாகி, அரசியல் கைதிகளை அடைத்துவைத்த ராபன் தீவுச் சிறைக்கு அனுப்பப்பட்ட நடிகர் ஒருவர், நினைவிலிருந்த பகுதிகளைக் கொண்டு அங்கே கைதிகள் முன் அந்நாடகத்தின் சுருக்கத்தை நடத்தினார் என்ற செய்தி குழுவுக்கு வந்து சேர்ந்தது. வேறொரு சமயத்தில் அதே தீவில் நடந்த 'ஆன்டிகனி'யில் நெல்சன் மண்டேலா கொடுங்கோலன் கிரியோனாக நடித்ததை அவருடைய தன்வரலாற்றில் காணலாம்.

இக்குழுவில் வந்து சேர்ந்த ஜான் கானி, வின்ஸ்டன் ன்ட்ஷோனா ஆகிய இருவருடனும் ஃபியூகார்ட் 1972, 1973-இல் உருவாக்கிய இரண்டு நாடகங்களே அவருடைய வாழ்வின் உச்சம் என்பது என் கருத்து. முதலாவதற்கு வித்து ஒரு புகைப்படம். ஸ்டுடியோவில் எடுத்த படம். அதில் ஒரு மனிதர் ஒரு கையில் சிகரெட், மறு கையில் பைப்புடன் வாய்நிறையச் சிரிக்கிறார். இந்த நாட்டில் ஒரு கறுப்பு மனிதனுக்கு இப்படிச் சிரிக்க என்ன காரணம் இருக்க முடியும்? அனுமதிப் புத்தகம் சரியாக இருக்கிறது என்பது ஒன்றே காரணமாக இருக்க முடியும் என்று மூவரும் முடிவுக்கு வந்தார்கள். அங்கிருந்து விரிந்ததுதான் 'சிஸ்வே பான்சி இஸ் டெட்'.

கிங் வில்லியம்ஸ் டவுனிலிருந்து வேலை தேடி வந்த சிஸ்வே பான்சியின் புத்தகத்தில், குறித்த நாளுக்குள் ஊர் திரும்ப வேண்டும் என்று முத்திரை குத்தியிருக்கிறது. ஒரு இரவு, குடித்துவிட்டு வரும் வழியில், கொலையுண்டு கிடக்கும் ஒருவரின் உடல் எதிர்ப்படுகிறது. இறந்தவரின் சட்டைப்பையில் வேலை தேடும் அனுமதியுள்ள புத்தகம். நண்பர் பன்ட்டு இரண்டு புத்தகங்களின் புகைப்படங்களையும் மாற்றி ஒட்டுகிறார். சிஸ்வே இறந்துபோகிறார், ராபர்ட் ஸ்வெலின்சிமா என்ற பெயரில் அதே மனிதர் உயிரோடு நடமாடுகிறார். சட்டம் கேட்பது பெயரையும் எண்ணையும்தான் என்றால், பெயரை விட்டுக்கொடுத்தால் என்ன என்கிறார் பன்ட்டு. என் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அப்போது யார் இருக்கிறார்கள் என்கிறார் சிஸ்வே. இந்தக் கேள்விக்கு முன்னால், புகைப்பட ஸ்டுடியோ வைத்திருக்கும் ஸ்டைல்ஸ், தான் முன்பு வேலை பார்த்த ஃபோர்டு கார் தொழிற்சாலைக்கு முதலாளி வரும் நாளில் நடந்த தடபுடலைத் தனி ஆளாக நடித்துச் சிரிக்கவைக்கிறார். ஸ்டைல்ஸாக நடித்த கானி உண்மையிலேயே ஃபோர்டு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அன்றைய செய்தித்தாளைப் பார்த்துச் சில வரிகளை அவ்வப்போது மாற்றிக்கொள்ளவும் அந்த உரையில் இடம் இருந்தது.

கேப் டவுனில் அதே ஆண்டு திறக்கப்பட்ட 'தி ஸ்பேஸ்' அரங்கில் 1972 அக்டோபர் 8-ஆம் தேதி இது அரங்கேறியது. இரண்டு நடிகர், ஒரு மேசை, ஒரு கேமரா. காவலர்கள் வந்தால் நொடியில் சுருட்டிக்கொண்டு போகலாம். அனுமதிப் புத்தகத்தைப் பற்றிய நாடகத்தில் நடிப்பவர்களுக்கே அந்தப் புத்தகம் சிக்கலாக இருந்தது: கறுப்பினத்தவர் 'நடிகர்' என்று வேலை காட்ட முடியாது. ஆகவே கானியும் ன்ட்ஷோனாவும் ஆவணங்களில் ஃபியூகார்டின் வீட்டு வேலைக்காரர்களாகப் பதிவானார்கள்.

அடுத்த நாடகமான 'தி ஐலண்ட்' ராபன் தீவுச் சிறையைப் பற்றியது. சிறைகளின் உள்நிலையைப் பற்றி வெளியே பேசுவதே தண்டனையில் போய் முடியலாம் என்பதால், தொடக்கத்தில் பிரதி எழுதப்படவில்லை. நாடகம் மூவரின் நினைவில் மட்டுமே இருந்தது. தலைப்பிலும் தீவு இல்லை: 1973 ஜூலையில் அரங்கேறியபோது அதன் பெயர் 'ஹொடோஷே குழு' என்று பொருள்படும் ஆஃப்ரிகான்ஸ் தொடர். ஹொடோஷே என்பது பிணத்தில் மொய்க்கும் பச்சை ஈ. ஒரு சிறைக்காவலருக்குக் கைதிகள் வைத்த பட்டப்பெயர். திரை விலகியதும் இரண்டு கைதிகள் மணலை அள்ளித் தள்ளுவண்டியில் கொட்டுகிறார்கள். ஒருவர் தோண்டும் குழியை மற்றவர் நிரப்புகிறார். பேச்சில்லாமல் நெடுநேரம், பார்வையாளருக்கு உட்கார முடியாமல் போகும்வரை, இது நீள்கிறது. பாத்திரங்களின் பெயர்களும் ஜான், வின்ஸ்டன். சிறையில் நடக்கவிருக்கும் கலைநிகழ்ச்சிக்கு 'ஆன்டிகனி'யை ஒத்திகை பார்க்கும்போது, ஜானுக்குத் தண்டனை குறைந்து மூன்றே மாதத்தில் விடுதலை என்ற செய்தி வருகிறது. ஆயுள் கைதியான வின்ஸ்டன் அதைக் கொண்டாடவும் செய்கிறார், நண்பரை வெறுக்கவும் செய்கிறார். அந்தக் காட்சியில் இருக்கும் நேர்மை, ஃபியூகார்ட் தனியாக எழுதிய எந்த நாடகத்திலும் இல்லை என்பேன்.

இரண்டு நாடகங்களும் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் போயின. 1975-இல் அமெரிக்க நாடகத்துறையின் டோனி விருது, சிறந்த நடிகருக்கானது, கானிக்கும் ன்ட்ஷோனாவுக்கும் கூட்டாகக் கிடைத்தது. அடுத்த ஆண்டே, கறுப்பினத்தவருக்கென்று அரசு ஒதுக்கிய டிரான்ஸ்கே பகுதியில் 'சிஸ்வே பான்சி' நடத்தியதற்காக இருவரும் கைதாகி, உலகெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு விடுவிக்கப்பட்டார்கள். நூலாக வந்தபோது ஆசிரியர்களாக மூவர் பெயரும் அச்சாயின. இன்றும் பலர் அவற்றை 'ஃபியூகார்டின் நாடகங்கள்' என்றே குறிப்பிடுகிறார்கள். இந்தக் கட்டுரையும் அந்த ஆபத்துக்கு விலக்கல்ல.

எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து ஃபியூகார்ட் மீண்டும் தனியாகவும், தம் சொந்த வாழ்க்கையை நோக்கியும் எழுதத் தொடங்கினார். நியூ பெதஸ்டா என்னும் காரூ சிற்றூரில், தம் வீட்டு முற்றத்தை சிமென்ட் ஆந்தைகளாலும் ஒட்டகங்களாலும் நிரப்பி ஊராரின் ஏளனத்துக்கு ஆளான ஹெலன் மார்ட்டின்ஸ் என்ற பெண்ணின் வாழ்விலிருந்து 'தி ரோட் டு மெக்கா' வந்தது. ஆனால் இக்காலத்தின் முக்கிய நாடகம் 1982-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக அரங்கில் நடந்த 'மாஸ்டர் ஹெரால்ட் அண்ட் தி பாய்ஸ்'.

1950-ஆம் ஆண்டில், மழை பெய்யும் ஒரு பிற்பகலில், செயின்ட் ஜார்ஜ் பூங்கா தேநீர் விடுதியில் நாடகம் நடக்கிறது. பரிமாறுபவர்களான சாம், வில்லி ஆகிய இருவரோடு பள்ளி மாணவன் ஹாலி பேசிக்கொண்டிருக்கிறான். சாம் அவனுக்குக் கிட்டத்தட்ட தகப்பன். முன்பு ஒருமுறை, குடித்து விழுந்த அப்பாவை முதுகில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுவந்தவர். அந்த அவமானத்திலிருந்து பையன் தலைநிமிரட்டும் என்று காற்றாடி செய்து கொடுத்தவர். மருத்துவமனையிலிருந்து அப்பா வீடு திரும்புகிறார் என்ற தொலைபேசிச் செய்தியில் நிலைகுலையும் ஹாலி, அந்தக் கோபத்தையெல்லாம் சாம் மீது திருப்பி, இனிமேல் தன்னை 'மாஸ்டர் ஹெரால்ட்' என்று அழைக்க வேண்டும் என்கிறான். கடைசியில் அவர் முகத்தில் துப்புகிறான். ஃபியூகார்டின் இளம்பருவப் பெயர் ஹாலி. தாயின் கடையில் வேலை பார்த்தவர் சாம் செமேலா. அவர் முகத்தில் ஃபியூகார்ட் சிறுவயதில் துப்பியது உண்மை நிகழ்ச்சி. அதை அவர் நாட்குறிப்பில் 1961-லேயே எழுதியிருந்தார், நாடகமாக்க இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின. நூலைச் சாமுக்கும் தம் தந்தைக்கும் சேர்த்தே காணிக்கையாக்கினார். தென்னாப்பிரிக்க அரசு முதலில் அந்நூலைத் தடைசெய்து, பிறகு விலக்கிக்கொண்டது. மறு ஆண்டு ஜோகன்னஸ்பர்க்கின் மார்க்கெட் அரங்கில் அது நடந்தது. நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் சாமாக நடித்து டோனி விருது பெற்றவர், 'தி பிளட் நாட்' சுற்றில் மூன்றாம் வகுப்பில் பயணம் செய்த அதே ஜேக்ஸ் மொக்காய்.

அனுமதிப் புத்தகச் சட்டங்கள் 1986-இலும், மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் 1991-இலும் நீக்கப்பட்டன. இனஒதுக்கல் ஆட்சி முடிந்த 1994-க்குப் பிறகு ஃபியூகார்டுக்கு எழுத எதுவும் மிஞ்சாது என்று சிலர் எதிர்பார்த்தார்கள். அவர் எழுதிக்கொண்டே இருந்தார், இறுதிவரை. அந்த நாடகங்கள் ஏற்றத்தாழ்வு உடையவை. சிலவற்றில் பழைய இறுக்கம் இல்லை. கட்டாயம் நீங்கிய பிறகும் மேடையில் ஆட்களின் எண்ணிக்கை மட்டும் கூடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. 1995-இன் 'வேலி சாங்' நாடகத்தில் வெள்ளை எழுத்தாளரையும் கலப்பினத் தாத்தாவையும் ஒரே நடிகர் மாறிமாறி நடிக்க வேண்டும் என்று வைத்தார். முதலில் நடித்தவர் அவரே. 2010-இல் கேப் டவுனின் 'டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்' பகுதியில், இனஒதுக்கல் அரசு அறுபதினாயிரம் பேரைப் பெயர்த்தெறிந்த இடத்தில், அவர் பெயரால் ஓர் அரங்கம் திறக்கப்பட்டது. 2021-இல் அது மூடப்பட்டது.

அந்த அரங்கத்தில் 2010-இல் அரங்கேறிய அவருடைய நாடகம் 'தி டிரெய்ன் டிரைவர்'. குழந்தைகளோடு தண்டவாளத்தில் வந்து நின்ற ஓர் ஏழைப் பெண்ணைப் பற்றிச் செய்தித்தாளில் படித்ததிலிருந்து பிறந்தது. மேடையில் மறுபடியும் இரண்டே பேர்: ரயிலை ஓட்டிய வெள்ளையர் ஒருவர், பெயர் தெரியாதவர்களைப் புதைக்கும் இடுகாட்டின் கறுப்பு வெட்டியான் ஒருவர். தன் வண்டி முன் வந்து தன் வாழ்க்கையைக் குலைத்துவிட்டாள் என்று அந்தப் பெண்ணைத் திட்டித் தீர்ப்பதற்காகத்தான் ஓட்டுநர் அவளுடைய புதைகுழியைத் தேடி வருகிறார். திட்டுவதற்கு அவளுக்கு ஒரு பெயர் வேண்டும். வெட்டியானிடம் பெயர் இல்லை. எந்தக் குழி என்பதும் தெரியாது. குவித்த மணல்மேடுகளின்மேல் அடையாளத்துக்குக் கிடப்பவை பழைய இரும்புத் துண்டுகளும் வண்டிச் சக்கர மூடிகளும் மட்டுமே.